ஹார்க்வுட் கையேட்டின் ஏழாம் பக்கம்

வெஸ்ட் ஹாலத்தில் எந்தப் பிள்ளையும் தனியாகக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக வரலாறு இல்லை. "நாங்க ஹார்க்வுட்டுக்குப் போடறோம்", "நாங்க நேத்துதான் கட்டுரையை முடிச்சோம்" என்று பெற்றோர்கள் ரொட்டிக் கடையில், நாயை நடத்தும் பாதையில், பல் டாக்டர் வீட்டு வாசலில் பேசிக்கொள்வார்கள். இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகக் கல்லூரி ஆலோசகராக இருக்கிறேன். அந்த "நாங்க"வைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய்விட்டது. ஆனால் ஒரு குடும்பம் அதைச் சொன்னது சொன்னபடி செய்து முடித்திருக்கும் என்று மட்டும் நான் கனவிலும் நினைக்கவில்லை.

டன்மோர் தம்பதி செப்டம்பர் முதல் வாரம் என் அறைக்கு வந்தார்கள். கணவர் ரஸ்ஸல் பாலம் கட்டும் எஞ்சினியர். மனைவி க்ரெட்சன் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பறவைச் சங்கத்தின் செயலாளராக இருப்பவர். நடுவில் மகன் சைலஸ், பதினேழு வயது, ஆறடி இரண்டு அங்குலம். அந்த உயரத்துக்கு அவன் பேசும் பேச்சு போதவே போதாது.

ரஸ்ஸல் ஒரு தாளை மேஜைமேல் விரித்தார். மேஜை போதாமல் இரண்டு பக்கமும் தொங்கியது.

"பதினோரு கல்லூரி. எல்லாமே கலையும் அறிவியலும் சேத்துச் சொல்லித்தர்ற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிங்க. அறுபத்திரண்டு கட்டம் போட்டு ஒப்பிட்டிருக்கோம்."

பார்த்தேன். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், நூலகம் எத்தனை மணி வரை, அருகிலிருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வாத்தியம் இல்லாமல் பாடும் குழுக்கள் எத்தனை. 'மழை நாளில் தோற்றம்' என்றுகூட ஒரு கட்டம் இருந்தது.

"மழை நாள்லயும் போய்ப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை போனோம்" என்றார் க்ரெட்சன். "வெயில்ல எல்லாக் கல்லூரியும் அழகாத்தான் இருக்கும், லோர்னா. ஏமாறக் கூடாது இல்லையா?"

பதினோரு கல்லூரிக்கும் காரிலேயே போயிருக்கிறார்கள். பதினோரு இடத்திலும் ஒரு மாணவி பின்பக்கமாக நடந்தபடியே வழி காட்டி, "இங்க நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்" என்றாளாம். பதினோரு இடத்திலும் செங்கல் கோபுரம், ஒரு மரம், மரத்தடியில் மூன்று பேர், அதில் ஒருத்தர் சிரிப்பு. இவ்வளவையும் அறுபத்திரண்டு கட்டத்தில் போட்டு அரைத்து எடுத்ததில் கடைசியில் வந்த மதிப்பெண், பத்துக்கு எட்டுக்கும் எட்டேகாலுக்கும் நடுவே. பதினொன்றும்.

"இதுதான் எங்களுக்குக் குழப்பமா இருக்கு" என்றார் ரஸ்ஸல்.

சைலஸை மட்டும் தனியே பேசக் கூப்பிட்டேன். அது பள்ளி விதி. பெற்றோர்கள் வெளியே போய்க் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ எதைப் பாத்துப்பா முடிவு பண்ணுவே?"

"சேறு, மிஸ்."

"என்னது?"

"ஏரிக்கு அடியில இருக்கற சேறு. நீளக் குழாயை இறக்கி எடுத்தா, பத்தாயிரம் வருஷத்துக் கதை அடுக்கு அடுக்கா வரும். எப்ப காடு எரிஞ்சுது, எந்த வருஷம் எந்த மரம் பூத்துதுன்னு. ஹார்க்வுட்ல மொத வருஷமே தொட விடறாங்க. மத்த எடத்துல மூணாம் வருஷம் வரைக்கும் படத்துலதான் பாக்கணும்."

அவன் வாயிலிருந்து அத்தனை வார்த்தை வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அறுபத்திரண்டு கட்டத்தில் சேறு இல்லை. அவனுக்கு இருந்ததோ அந்த ஒரே கட்டம்தான்.

சரி, ஹார்க்வுட். 'எர்லி' முறையில் போடுவது என்று முடிவாயிற்று. நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் மனுப் போடுவது. கிடைத்தால் வந்தே தீருவேன் என்று மாணவனும் பெற்றோரும் கையெழுத்துப் போடுவது. எழுதியதெல்லாம் மாணவன் சொந்தமாக எழுதியது என்று நான் கையெழுத்துப் போடுவது.

க்ரெட்சன் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "ஆர்வத்தைக் காட்டணும்னு சொல்வாங்களே. அதெல்லாம் நல்லாப் போய்ட்டிருக்கு. கவலைப்படாதீங்க."

நான் கவலைப்படவில்லை. பட்டிருக்க வேண்டும்.

இந்த ஆர்வ விஷயம் சின்னக் கல்லூரிகளுக்கே உரிய நோய். இடம் கொடுத்த பிள்ளை வராமல் வேறு இடம் போய்விட்டால் அவர்களுக்கு அவமானம். அதனால் யாருக்கு எவ்வளவு ஆசை என்று குறித்துவைப்பார்கள். அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தானா, பதில் போட்டானா, கேள்வி கேட்டானா, நேரில் வந்து பார்த்தானா என்று எல்லாம் கணக்கு. ஆசை இருக்கிறது என்று தெரிய வேண்டும், அலைகிறான் என்று தெரியக் கூடாது. பதினேழு வயதுப் பையனுக்கு இந்த நளினம் எங்கிருந்து வரும்? வராது.

இங்கே எங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், காப் குன்றின் மேல் காற்றாலை வைக்கலாமா வேண்டாமா என்று மூன்று மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. க்ரெட்சன் ஒலிபெருக்கியைப் பிடித்து, "வானத்தை யாரும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கலை. அது பறவைங்களோட பரம்பரைச் சொத்து" என்றார். கைதட்டல். அவருக்குப் பின்னால் ஆறாவது ஆளாக வந்த ரஸ்ஸல், "பறவையும் மூச்சு விடணுமில்ல? புகையைக் குடிச்சுட்டு எந்தப் பருந்து பறக்கும்?" என்றார். அதற்கும் கைதட்டல். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து ரொட்டிக் கடையில் க்ரெட்சனைப் பார்த்தேன். "வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்கறதில்லைன்னு ரெண்டு பேரும் ஒப்பந்தம் பண்ணிட்டோம். எவ்வளவு நிம்மதி தெரியுமா!" என்றார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அக்டோபர் இருபதாம் தேதி ஹார்க்வுட் எங்கள் பள்ளிக்கு வந்தது. வழக்கமாகப் போன வருஷம் படிப்பு முடித்த சின்னப் பெண் ஒருத்தியை அனுப்புவார்கள். இந்தமுறை அட்மிஷன் டீனே வந்தார். பெயர் ஹாலிஸ் ப்ரேமர். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டை, காலுறை போடாமல் மாட்டிய பளபளக்கும் தோல் ஷூ. நூலகத்தில் பதினான்கு பிள்ளைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சைலஸ் கடைசி நாற்காலியில்.

"ஹார்க்வுட் உங்களுக்கு விடைகளைத் தராது" என்று ஆரம்பித்தார் டீன். "கேள்விகளைத் தரும்."

டாபிதா கை தூக்கினாள். எதையும் நேராகக் கேட்கும் பெண். "சார், விடுதி ரூம்ல ஏசி இருக்கா?"

"ஆஹா! அதுவே எப்பேர்ப்பட்ட கேள்வி!" என்று மலர்ந்தார் டீன். அத்தோடு அதை விட்டுவிட்டார்.

பிறகு பெட்டியிலிருந்து புதிய கையேட்டை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கனமான தாள், வழவழவென்று. "ஏழாம் பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினோம். ஏரிக்கரையில் காலி நாற்காலி ஒன்றின் படம். மேலே 'ஒரே மனம், இரு குரல்' என்று தலைப்பு. கீழே இடது பக்கம் ஒரு பத்தி, வலது பக்கம் ஒரு பத்தி. அடியில்: சைலஸ் டி., மாசசூசெட்ஸ், விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர்.

"அந்த சைலஸ் இந்த ரூம்லதான் இருக்கார்னு நினைக்கறேன்" என்றார் டீன், கண் கலங்கி.

பதின்மூன்று தலைகள் கடைசி நாற்காலி பக்கம் திரும்பின.

"நீயாடா?" என்றாள் டாபிதா. "உனக்கு இவ்ளோ வார்த்தை தெரியுமா?"

சைலஸ் கையேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசியுங்க, சைலஸ்" என்றார் டீன். "உங்க குரல்லயே கேக்கணும்."

மறுக்கத் தெரியாத பிள்ளை. வாசித்தான். இடது பக்கம்: "வானத்தை யாரும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. அது பறவைகளின் பரம்பரைச் சொத்து." நான் கையிலிருந்த காப்பியை மெதுவாகக் கீழே வைத்தேன். வலது பக்கம்: "மூச்சு விட முடியாத வானத்தில் எந்தப் பருந்து பறக்கும்? பறவை நேசம் என்ற பெயரில் நடக்கும் இந்தக் கண்ணீர் நாடகம் போதும்." காப்பியைக் கீழே வைத்தது நல்லதாகப் போயிற்று.

"முப்பத்து நாலு கடிதம்!" டீன் மேஜையைத் தட்டினார். "பிப்ரவரியிலேர்ந்து! ஒரு வாரம் காத்தாலை வேண்டாம்பார். அவர் எழுதின வரியையே எடுத்து, 'இப்படி ஒருத்தர் சொன்னா என்ன பதில் சொல்லுவே?'ன்னு அவருக்கே திருப்பி அனுப்புவேன். அடுத்த வாரம் தன்னோட வாதத்தைத் தானே கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார். 'இதைச் சொன்னவர் எட்டாம் வகுப்பு அறிவியலைத் தாண்டாதவர்'னு தன்னையே எழுதினார், பாருங்க! தன் மேலயே இவ்வளவு இரக்கமில்லாத ஒரு இளைஞரை முப்பது வருஷத்துல நான் பாத்ததில்லை!"

மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். டீன் சைலஸின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். சைலஸின் கை மட்டும்தான் குலுங்கியது. அவன் எங்கோ நின்றுகொண்டிருந்தான்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். கையேட்டை மேஜையில் வைத்தான். இடது பத்தியில் விரலை வைத்து, "இது எங்கம்மா" என்றான். வலது பத்திக்கு விரலை நகர்த்தி, "இது எங்கப்பா."

"உனக்குத் தெரியாதா?"

"நான் ஹார்க்வுட்டுக்கு ஒரு வரிகூட எழுதலை, மிஸ். விண்ணப்பத்துலயே எல்லாம் சொல்லலாம்னு இருந்தேன்."

பிற்பகல் மூன்று மணிக்கு டன்மோர் தம்பதியை வரச் சொன்னேன். ஆளுக்கொரு காரில் வந்தார்கள். ஏழாம் பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தேன்.

க்ரெட்சனின் கண் முதலில் இடது பக்கம் போனது. உதட்டோரம் ஒரு பெருமை மலர்ந்தது. ரஸ்ஸலுக்கு வலது பக்கம். அங்கேயும் அதே பெருமை. பிறகு இருவர் கண்ணும் ஒரே சமயத்தில் பக்கம் மாறின. இரண்டு பெருமையும் ஒன்றாக அணைந்ததை நான் பார்த்தேன்.

"இந்த வலது பக்கத்தை எழுதினது யாரு?" என்றார் க்ரெட்சன்.

"அதுக்கு முன்னால, இந்த இடது பக்கம் யாரோடது?" என்றார் ரஸ்ஸல்.

"ரெண்டும் நான்தான்" என்றான் சைலஸ். "கீழ பேர் போட்டிருக்கு."

முதலில் க்ரெட்சன்தான் உடைந்தார்.

"ஒரே ஒரு மின்னஞ்சலுக்குத்தான் பதில் போடணும்னு ஆரம்பிச்சேன், லோர்னா. இவன் எதையும் திறக்கவே மாட்டேங்கறான். திறக்காம விட்டா ஆர்வம் இல்லைன்னு எழுதிடுவாங்களே? கல்லூரிக்குன்னு தனியா ஒரு முகவரி இவன் பேர்ல வெச்சிருந்தேன். 'உன்னைப் பாதிக்கிற ஒரு விஷயத்தைப் பத்திச் சொல்லு'ன்னு கேட்டாங்க. என்னைப் பாதிக்கிறது ஒண்ணுதான் இருந்துது."

"எத்தனை கடிதம்?"

"பத்தொம்போது."

ரஸ்ஸல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மின்னஞ்சலே அனுப்பலை. அவங்க தளத்துக்குள்ள ஒரு பெட்டி இருக்கு, 'எங்களிடம் கேளுங்கள்'னு. அதுல எழுதினேன். கேள்வி கேக்கறவனுக்குத்தான் புள்ளின்னு வேலை செய்யற எடத்துல சொன்னாங்க." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பதினஞ்சு."

பத்தொன்பதும் பதினைந்தும் முப்பத்து நான்கு. எல்லாம் ஒரே பையன் என்று நம்பி, மின்னஞ்சலில் வந்த வரியைப் பெட்டியிலும், பெட்டியில் வந்ததை மின்னஞ்சலிலும் டீன் கேள்வியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அச்சிடச் சம்மதம் கேட்டபோதும் இருவரும் தனித்தனியே, மகன் பெயரில், நன்றியோடு சம்மதித்திருக்கிறார்கள்.

"அப்ப எட்டு மாசமா..." ரஸ்ஸலின் குரல் கம்மியது. "அந்த டீன் கேட்ட கேள்வி எல்லாம்..."

"எட்டாம் வகுப்பு அறிவியலைத் தாண்டாதவர்னு எழுதினது நீதானா?" என்றார் க்ரெட்சன்.

"நான் டீனைச் சொன்னேன்!"

"நானும் டீனைத்தான் நினைச்சேன். என்ன இந்த மனுஷன் ரஸ்ஸல் மாதிரியே அரைகுறையாப் பேசறாரேன்னு. இருந்தாலும் டீனாச்சேன்னு பொறுமையா மூணு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன்."

"அந்த மூணு பக்கம் நல்லாத்தான் இருந்துது" என்றார் ரஸ்ஸல், தன்னை மறந்து. உடனே சுதாரித்துக்கொண்டார். "ஆனா அந்தப் பருந்துக் கணக்கு தப்பு."

"எது தப்பு? எது தப்புங்கறேன்?"

அவ்வளவுதான். மார்ச் மாதம் அடைத்த அணை என் அறையில் உடைந்தது. பருந்தும் புகையும் காப் குன்றும் பறந்தன. இருவரும் முகம் சிவந்து, கண் பளிச்சிட, அந்தச் சண்டையை ருசித்துக்கொண்டிருந்தார்கள். சைலஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான், எழுந்தான், போய்விட்டான். அவன் போனதை அவர்கள் கவனிக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று.

மறுநாள் காலை டீனுக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"ரெண்டு பேரா?" என்றார்.

"ரெண்டு பேர்."

"தன்னையே மறுக்கற அந்தத் துணிச்சல்..."

"கணவன் மனைவி, சார்."

நான் மன்னிப்புக்கும் கோபத்துக்கும் தயாராக இருந்தேன். கேட்ட கேள்விக்குத் தயாராக இல்லை.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எங்க நாலு பேருக்கு. இப்ப உங்களுக்கு."

"நல்லது. நல்லது." குரலில் உயிர் திரும்பியது. "பாருங்க மிஸஸ் பூஷே, அறுபதாயிரம் பிரதி போயாச்சு. நிர்வாகக் குழுக் கூட்டத்துல நானே எழுந்து நின்னு வாசிச்சேன். ஒரு அம்மா அழுதுட்டாங்க. அவங்க பணத்துல, அவங்க பேர்ல ஒரு கட்டடம் வரப்போகுது. இந்த நேரத்துல போய்... யோசிச்சுப் பாருங்க. கடிதம் அந்த வீட்டுலேர்ந்துதானே வந்துது? அந்தச் சூழல்லதானே பையன் வளர்ந்தான்? ஒரு வகையில அது அவன் மனசுதான்."

"வகையில."

"பையன் விண்ணப்பத்தைப் போடட்டும். நீங்க உங்க படிவத்துல கையெழுத்துப் போட்டுடுங்க. டிசம்பர்ல நல்ல சேதி வரும். நான் சொல்றேன்."

ஹார்க்வுட்டின் வாசல் வளைவில் 'உண்மை ஒன்றே ஒளி' என்று லத்தீனில் செதுக்கியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்டவள் நான்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. நான் 'முடியாது' என்று சொல்லவில்லை. "யோசிக்கறேன்" என்றேன். ஹார்க்வுட் எங்கள் பள்ளியிலிருந்து ஆறு வருஷமாக ஒரு பிள்ளையையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷமும் இல்லையா?" என்று கேட்கும் தொனி எனக்குத்தான் தெரியும். போனை வைத்தேன். படிவத்தை எடுத்தேன். 'மேற்கண்ட எழுத்து யாவும் மாணவரின் சொந்த எழுத்தே.' பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தேன். அந்த மூடியை மறுபடி போடுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

ஒன்பது நாள் யோசித்தும் எனக்கு வெளிச்சம் வரவில்லை. அக்டோபர் முப்பதாம் தேதி சைலஸைக் கூப்பிட்டு, டீன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"சேறு கிடைக்கும், சைலஸ். மொத வருஷமே. நீ வாயைத் திறக்க வேண்டாம், அவ்வளவுதான்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "அங்க போனா என்கிட்ட காத்தாலையைப் பத்திக் கேப்பாங்களா, மிஸ்?"

"கேக்காம இருப்பாங்களா? ஏழாம் பக்கமாச்சே நீ."

"எனக்கு அதுல ஒரு கருத்தும் இல்லை." யோசித்தான். "நாலு வருஷத்துக்கு இருக்கற மாதிரி நடிக்கணும். அதுவும் ரெண்டு கருத்து. எனக்கு ஒண்ணைத் தூக்கவே தெம்பு இல்லை."

"அந்த ஏரி?"

அந்த ஏரியின் ஆழம், அடிச்சேற்றின் வயது, குழாயின் நீளம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். என் கணினிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பள்ளி கொடுத்த முகவரியிலிருந்து இரண்டு விரலால் தட்டினான்.

"டீன் அவர்களுக்கு, ஏழாம் பக்கத்தில் உள்ளதை நான் எழுதவில்லை. என் பெற்றோர் எழுதினார்கள். எனக்கு ஏரிச் சேற்றைப் பற்றிப் படிக்க வேண்டும். அதற்காக மட்டும் என்னை எடுத்துக்கொள்வீர்களா? சைலஸ் டன்மோர்."

"இதை அனுப்பினா கதவு சாத்திடுவாங்கப்பா" என்றேன்.

"சாத்திட்டா சாத்தினதுன்னு தெரிஞ்சுடும்" என்று அனுப்பிவிட்டான்.

கூடவே விண்ணப்பத்தையும் போட்டான். கட்டுரை முழுக்கச் சேறு. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அவனுடையது. என் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதங்கள் அவனுடையவை அல்ல, இந்த விண்ணப்பம் அவனுடையது என்று அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி பதில் வந்தது. சைலஸ் என் அறையில் வைத்துத்தான் திறந்தான். அவனுடைய நேர்மை ஹார்க்வுட்டை நெகிழ்த்திவிட்டதாம். துணிவைப் போற்றுகிறார்களாம். "ஆனால், கடந்த எட்டு மாதங்களாக நாங்கள் அறிந்து வியந்த சைலஸின் குரலை இந்த விண்ணப்பத்தில் எங்களால் கேட்க முடியவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்."

மூன்றுமுறை படித்தேன். பத்தொன்பது வருஷத்தில் ஆயிரம் மறுப்புக் கடிதம் படித்திருக்கிறேன். ஒரு பிள்ளை தன்னைப் போல இல்லை என்பதற்காக மறுக்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"இது அநியாயம்" என்றேன். "நான் அவங்க தலைவருக்கே எழுதப்போறேன்."

"எழுதாதீங்க, மிஸ்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னான். "இன்னும் யாராவது எனக்காக எழுதினா நான் செத்தேன்."

மற்ற கல்லூரிகளுக்கு ஜனவரி ஒன்று கெடு. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி டன்மோர் தம்பதி மறுபடி வந்தார்கள். இந்தமுறை ஒரே காரில். இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தார்கள். தாளும் இல்லை, கட்டமும் இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றார் க்ரெட்சன், என்னைப் பார்த்து. பிறகு மகனைப் பார்த்து, "நீ என்ன பண்ணப்போறே?"

சைலஸ் ஏற்கெனவே செய்திருந்தான். மீதிப் பத்துக் கல்லூரியிலும் மண்ணும் பாறையும் சொல்லித்தரும் பேராசிரியர் பெயரைத் தேடி, ஆளுக்கு ஒரே வரி அனுப்பியிருந்தான்: "உங்கள் ஏரியின் அடிச்சேற்றை முதல் வருஷ மாணவன் எடுக்கலாமா?" ஒன்பது பதில் வந்திருந்தன. ஒன்பதும் அட்மிஷன் அலுவலகத்திலிருந்து. 'உன் ஆர்வத்தில் மகிழ்ச்சி, எங்கள் குடும்பத்தைக் காண வா', இத்துடன் ஒரு மரத்தின் படம்.

பத்தாவது, நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வந்தது. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் கில்பி கல்லூரியின் பேராசிரியரிடமிருந்தே. சைலஸ் திரையை எங்கள் பக்கம் திருப்பினான்.

"இங்கே யாரும் கேட்டதில்லை. எடுக்கலாம். என் படகு ஒழுகும். உனக்குத் தச்சு வேலை தெரியுமா? பெர்னிஸ் ஓலட்."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பப் படித்தேன். குடும்பம் இல்லை, பயணம் இல்லை, 'உன் கனவு' இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து இப்படியும் ஒரு கடிதம் வரும் என்பதே எனக்குத் தெரியாது. எங்காவது இரண்டாம் பக்கம் இருக்கிறதா என்று கீழே இழுத்துக்கூடப் பார்த்தேன்.

"இது உண்மையிலேயே கல்லூரிதானா?" என்றார் க்ரெட்சன்.

"மொதல்ல தெரியும்னு போடு!" ரஸ்ஸல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "தச்சு வேலை என்ன பிரமாதம்? கிறிஸ்துமஸ் லீவுல நான் கத்துத் தரேன். 'சின்ன வயதிலிருந்தே மரத்தோடு எனக்கு ஒரு'ன்னு ஆரம்பி..."

"ரஸ்ஸல்" என்றார் க்ரெட்சன். அவர் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

சைலஸ் இருவரையும் பார்த்தான். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் தட்டினான். அதிக நேரம் ஆகவில்லை.

"என்னடா போட்டே?"

"'தெரியாது. தண்ணீர் இறைப்பேன்.'"

"ஐயோ!" என்று க்ரெட்சன் கையை உருவிக்கொண்டார். "அனுப்பிட்டியா? அப்படியே அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்மா."

ரஸ்ஸல் நாற்காலியில் சரிந்து, முப்பது வருஷம் நின்ற பாலம் ஒன்று கண்ணெதிரில் விழுந்ததைப் போல மகனைப் பார்த்தார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கணினி மணியடித்தது.

"வாளி என்னிடம் இருக்கிறது. முதல் தேதிக்குள் விண்ணப்பத்தைப் போடு."